ஸ்கேனர் வாங்குமுன் கோப்புக் கட்டைப் பிரியுங்கள்

திருவொற்றியூரில் ஒரு மனையின் பழைய கோப்பைக் கேட்டு மனு வந்தால், கோப்பு எண்ணைக் கேட்பதற்கு முன் ஆண்டைக் கேட்க வேண்டும். 1997க்கு முந்தையது என்றால் வருவாய்த் துறைக் காகிதம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரில் இருக்கும். அதற்குப் பின் திருவள்ளூர் மாவட்டம். 2018இல் வட்டம் (தாலுகா) சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தபின் சென்னை. சொத்துவரி, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு என்றால் கணக்கு வேறு: 2011 வரை திருவொற்றியூர் நகராட்சி, அதன்பின் சென்னை மாநகராட்சியின் 1ஆம் மண்டலம். கத்திவாக்கம், மணலி, மாதவரம் மூன்றும் இதே போலத் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல் மாநகராட்சிக்குள் வந்தவைதான். ஏற்கெனவே மாநகராட்சியில் இருந்த ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் மாநகராட்சி வட்டங்கள் (வார்டுகள்) 155இலிருந்து 200 ஆனபோது எண்கள் புரண்டுவிட்டன. இன்று 1ஆம் வட்டம் என்றால் திருவொற்றியூர் மண்டலம். மாநகராட்சியின் 2005ஆம் ஆண்டுக் கோப்பில் 1ஆம் வட்டம் என்று இருந்தால் அது வேறு இடம். அப்போது திருவொற்றியூர் மாநகராட்சியிலேயே இல்லை.

இதை எந்த ஸ்கேனரும் எடுத்துச் சொல்லாது. காகிதமாகவே தேட முடியாமல் கிடப்பதை அப்படியே படம்பிடித்து வைத்தால் கணினியிலும் தேட முடியாமல்தான் கிடக்கும். தூசி மட்டும் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவும் இதே வரிசையில்தான் பேசுகிறது: பதிவேடுகளை முதலில் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்த வேண்டும், பிறகு கணினிமயமாக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நிதி ஆண்டு முடியப் போகிறது, பணம் திரும்பிப் போய்விடும் என்று மார்ச்சில் இயந்திரம் வாங்கிவிடுகிறார்கள். ஏப்ரலில் அதற்கு உறை போட்டு மூடுகிறார்கள்.

கீழே உள்ள கணினிமயமாக்கல் வழிமுறை வட்டாட்சியர் அலுவலகம், மண்டல அலுவலகம் அளவிலான ஒரு பதிவறையை மனதில் வைத்து எழுதியது.

அளந்து, பிரித்து, கழித்து

முதல் வேலை டேப்பை எடுத்து அலமாரிகளை அளப்பது. புதுத் தாள் 500 கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 5 செ.மீ. தடிமன். பழைய கோப்புகள் சுருங்கி, மடங்கி, அட்டையும் நாடாவுமாக இருப்பதால் ஒரு மீட்டர் அலமாரிக்கு 6,000 முதல் 7,000 தாள் என்று வைத்துக்கொள்ளலாம். 40 மீட்டர் இருந்தால் இரண்டரை லட்சம் தாள். ஒருவர் தாளைத் தயார் செய்ய, ஒருவர் ஸ்கேன் செய்ய, ஒருவர் சரிபார்க்க என மூன்று பேர் கொண்ட குழு நல்ல நிலையில் உள்ள தாள்களில் நாளொன்றுக்கு 1,500 முடித்தால் அது நல்ல வேகம். அப்படியானால் 165 வேலை நாளுக்கு மேல். இயந்திரத்தின் விளம்பரத்தில் நிமிடத்துக்கு 60 தாள் என்று போட்டிருப்பதை வைத்து ஒரு மாதத்தில் முடிப்போம் என்று மேலே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நேரத்தைத் தின்பது ஸ்கேனர் அல்ல, பின்னைக் கழற்றுவது.

பிறகு முடிவு வகைப்படி, அதாவது முடிந்த கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதன்படி, பிரிக்க வேண்டும். கோப்பின் முகப்பிலேயே எழுதியிருக்கும்: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். பழைய கோப்புகளில் இவையே ஆங்கிலத்தில் முறையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று முத்திரையாக இருக்கும். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த ஓ.மு., மூ.மு. கட்டுகளை ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை. முறைப்படி அழிக்க வேண்டியவை. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய விடுப்பு விண்ணப்பத்தை வண்ணத்தில் படம் எடுத்துச் சேமிப்பது மக்கள் பணத்துக்குக் கேடு.

ஆனால் முகப்பில் எழுதியதை அப்படியே நம்பவும் கூடாது. வேலை முடிந்த அவசரத்தில் பட்டா மேல்முறையீட்டுக் கோப்பை மூ.மு. என்று முடித்திருப்பார்கள். அழிப்புக்குப் போகும் ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பத்துப் பக்கத்தையாவது ஒருவர் புரட்ட வேண்டும். வழக்கு நிலுவை, தணிக்கைத் தடை, தகவல் உரிமை மேல்முறையீடு, ஓய்வூதியக் கணக்கு, நில உரிமை ஆகிய ஐந்தில் ஒன்று தென்பட்டாலும் தனியே எடுத்து வையுங்கள். தகவல் உரிமையில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. பதில் அனுப்பியாயிற்று என்பதால் கோப்பு முடிந்துவிட்டதாக ஆகாது.

மிஞ்சியவற்றில் எதை முதலில் எடுப்பது? எது அடிக்கடி கேட்கப்படுகிறதோ, எது நைந்துபோகிறதோ, அது. நகர நில அளவைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய நகராட்சிகளின் வரி விதிப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் இரண்டு வகையிலும் முதலிடம் பிடிக்கும்.

அட்டவணை

எக்செல் தாளில் ஒரு கோப்புக்கு ஒரு வரி. தேவையான கட்டங்கள்: தொடர் எண், உருவாக்கிய அலுவலகம், அப்போதைய மாவட்டம் அல்லது உள்ளாட்சி, இப்போதைய மண்டலமும் வட்டமும், ந.க. எண் (அலுவலகம் கோப்புக்குத் தரும் எண்), பிரிவும் இருக்கையும் (கோப்பைக் கையாளும் உதவியாளரின் இடம்), தொடங்கிய தேதி, முடித்த தேதி, பொருள், மனுதாரர் பெயர், புல எண் அல்லது கதவு எண், முடிவு வகை, தாள் எண்ணிக்கை, கட்டு எண், அலமாரி இடம். இதற்கு மேல் சேர்த்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். தட்டச்சு செய்பவருக்குக் கோப்பு ஒன்றுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் கட்டங்களைக் குறையுங்கள்.

'உருவாக்கிய அலுவலகம்' என்ற கட்டத்தை யாரும் தட்டச்சு செய்யக் கூடாது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 'திருவொற்றியூர் நகராட்சி', 'கத்திவாக்கம் நகராட்சி', 'சென்னை மாநகராட்சி, 2011க்கு முன்', 'சென்னை மாநகராட்சி, 2011க்குப் பின்' என்று தனித்தனியாக. எல்லாவற்றையும் இன்றைய பெயருக்கு மாற்றி எழுதிவிட்டால் நேர்த்தியாகத்தான் தெரியும். ஆனால் 1 என்ற வட்ட எண் நகராட்சியின் 1ஆ, பழைய மாநகராட்சியின் 1ஆ, இன்றைய 1ஆ என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. பழையதைப் பழையபடியே எழுதி, பக்கத்துக் கட்டத்தில் இன்றையதைச் சேர்ப்பதுதான் வழி.

கதவு எண்ணும் அப்படித்தான். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரே கட்டத்தில் '14/37' என்று போட்டால் எது பழையது என்று எழுதியவருக்கே ஒரு வாரம் கழித்து மறந்துவிடும். இரண்டு கட்டம் வையுங்கள். எது எது என்று தெரியாவிட்டால் மூன்றாவதாக 'கோப்பில் உள்ளபடி' என்ற கட்டத்தில் அப்படியே எழுதுங்கள்.

ஊர்ப் பெயரின் எழுத்து அடுத்த தொல்லை. ராயபுரம், இராயபுரம், எர்ணாவூர், எர்ணாவூர் குப்பம், வண்ணாரப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை. கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஊர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிலையான வடிவத்தை முடிவு செய்து, மற்ற வடிவங்களை அதற்கு இணையாகக் காட்டும் ஒரு பக்கத் தாளைத் தட்டச்சு மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் தனிக் கட்டத்தில் போட்டால் அகரவரிசை உருப்படியாக வரும்.

வருவாய்க் கணக்குகளில் ஆண்டு ஃபசலியில் இருக்கும். ஃபசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591ஐ. ஃபசலி 1420 என்பது 2010 ஜூலை முதல் 2011 ஜூன் வரை. அட்டவணையில் ஒற்றை ஆண்டாக '2010' என்று எழுதினால் பாதிப் பதிவுகள் தேடலில் சிக்காது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் எழுதுங்கள்.

கணினியில் சேமிக்கும் கோப்புப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ந.க. எண்ணில் இருக்கும் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. ஆளாளுக்கு அதை ஒரு குறியால் மாற்றுவார்கள். அலுவலகக் குறியீடு, ஆண்டு, எண், பாகம் என்ற வரிசையில் எண்களை மட்டும் வைத்து, சிறுகோட்டால் இணையுங்கள்: 01-2004-001234-02. முன்னால் சுழியம் நிரப்பாவிட்டால் 1000 என்பது 2க்கு முன்னால் வந்து நிற்கும். மனுதாரர் பெயரைக் கோப்புப் பெயரில் சேர்க்கவே கூடாது.

தாளைத் தயார் செய்வது

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் ஊறிய பதிவறை என்றால் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருவாகித் தாளோடு ஒட்டியிருக்கும். பின் கழற்றியால் நெம்பினால் மூலை பிய்ந்து வரும்; பக்க எண்ணும் அதிகாரியின் சுருக்கொப்பமும் பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருக்கும். தாளுக்கும் பின்னுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, பின்னின் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மேற்புறமாக இழுங்கள். திரும்பக் கட்டும்போது உலோகம் வேண்டாம், பருத்தி நாடா போதும்.

அனல்மின் நிலையச் சாம்பல் படியும் பகுதிகளில் தூசி சாதாரணத் தூசி அல்ல, தேய்க்கும் தூசி. ஈரத் துணியால் துடைத்தால் சேறாகித் தாளுக்குள் இறங்கும். மென்மையான அகலத் தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டுங்கள். இதை ஸ்கேனர் இருக்கும் அறையில் செய்யக் கூடாது.

பூஞ்சை பிடித்த கட்டை மற்றவற்றோடு வைக்காதீர்கள். என்95 முகக்கவசம், கையுறையோடு தனி அறையில் காற்றாட வையுங்கள். மின்விசிறி தாளை நேரடியாக அடிக்கக் கூடாது, அறையில் காற்று நகர்ந்தால் போதும். வெயிலில் காய வைத்தால் மை வெளிறும், தாள் முறுகும். நனைந்த கட்டில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். அத்தனையையும் அதற்குள் காயவைக்க முடியாது என்றால், பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் தண்ணீர் நின்ற உயரம் பல தெருச் சுவர்களில் கறையாகத் தெரிந்தது. தரைத்தளப் பதிவறை என்றால் கீழ்த்தட்டைக் காலியாகவே விடுங்கள்.

கிழிந்த தாளுக்குச் செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் நாசவேலைகள். டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. கிழிசலை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் செருகி, தட்டையான கண்ணாடிப் பலகை ஸ்கேனரில் எடுங்கள்.

கடைசியாக, பக்க எண். அலுவலகக் குறிப்புகள் உள்ள குறிப்புப் பகுதிக்குத் தனியாக, கடிதங்கள் உள்ள நடப்புப் பகுதிக்குத் தனியாக, பென்சிலால். ஏற்கெனவே உள்ள எண்ணை அடிக்கக் கூடாது. காணாமல் போன பக்கம் இருந்தால் அந்த இடத்தில் 'பக்கம் 23, 24 கோப்பில் இல்லை' என்று எழுதித் தேதியிட்ட ஒரு தாளைச் செருகுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஸ்கேன் செய்தவர்தான் தொலைத்தார் என்று நாளைக்குப் பழி வரும்.

ஸ்கேன்

முதலில் அளவு. பழைய அரசுத் தாள் ஃபுல்ஸ்கேப். உயரம் 13 அங்குலத்துக்கு மேல். ஏ4 தாள் 11.7 அங்குலம்தான். ஏ4 ஸ்கேனரில் ஃபுல்ஸ்கேப்பை வைத்தால் அடியில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டுப்படும். அங்கேதான் கையெழுத்தும் தேதியும் இருக்கும். லீகல் அல்லது ஏ3 அளவு எடுக்கும் இயந்திரம் கட்டாயம்.

எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), புலப்படம் போன்றவற்றுக்கு 400. வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் பச்சை மையில் அதிகாரி போட்ட குறிப்பும், ஊதா முத்திரையும், பென்சில் கோடும் ஒன்றுபோல் ஆகிவிடும் அல்லது மறைந்துவிடும். யார் எழுதியது என்று மையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது நம் அலுவலக மரபு. அதைத் தூக்கி எறியக் கூடாது.

மூலப் பிரதி டிஃப் வடிவில், இழப்பில்லாச் சுருக்கத்தில். அன்றாடப் பார்வைக்கு அதிலிருந்து பிடிஎஃப்/ஏ (நீண்ட காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்). ஃபுல்ஸ்கேப் பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் ஏறத்தாழ 30 எம்பி, சுருக்கினால் பாதி. லட்சம் பக்கத்துக்கு ஒன்றரை டெராபைட். 'கோப்பு சிறிதாக வர வேண்டும்' என்று இயந்திரத்தின் அதிகச் சுருக்கத்தை இயக்கிவிடும் பழக்கம் ஆபத்தானது. 2013இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதும் ஒருவகைச் சுருக்கம்தான் காரணம். படம் மங்கலாகக்கூட இருக்காது. தெளிவாகத் தவறாக இருக்கும். புல எண்ணில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அணைக்க வேண்டிய வசதி ஒன்று உண்டு: வெற்றுப் பக்கத்தைத் தானே நீக்குவது. பின்பக்கத்தில் ஒரே ஒரு சுருக்கொப்பம், மங்கிய பென்சில் குறிப்பு இருக்கும் தாளையும் அது வெற்று என்று கழித்துவிடும். இரு பக்கமும் எடுங்கள், எண்ணிக்கை பொருந்தட்டும்.

அணைக்கக் கூடாதது, இரட்டைத் தாள் உணரி. ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் பிடித்து இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு போகும். மனுவில் ஒட்டிய கோர்ட் ஃபீ வில்லையைக் கண்டும் உணரி கத்தும். எரிச்சலில் அதை அணைத்துவிட்டு வேலையை ஓட்டுவார்கள், பின்னாலேயே பக்கங்கள் விடுபடும். வில்லை ஒட்டிய தாள்களை முன்கூட்டியே பிரித்துப் பலகை ஸ்கேனரில் எடுத்தால் இந்தத் தகராறு இல்லை. முடிந்தால் ஸ்கேன் வேலையைப் பிப்ரவரியிலிருந்து செப்டம்பருக்குள் வைத்துக்கொண்டு, மழை மாதங்களை அட்டவணைக்கு விடுங்கள்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மெல்லிய நெடுங்கோடு விழுந்தால் உள்ளிருக்கும் கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது. 200 தாளுக்கு ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட நூலுதிராத் துணியால் துடையுங்கள். அந்தக் கோடு 1 என்ற எண் போலவே தெரியும்.

கட்டிய பதிவேடுகளை முதுகு வெட்டிப் பிரிக்கக் கூடாது. 'வி' வடிவத் தாங்கியில் பாதி திறந்த நிலையில் வைத்து, மேலிருந்து எடுக்கும் ஸ்கேனரைப் பயன்படுத்துங்கள். நில வரைபடங்களின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்தே படம் எடுங்கள். பின்னால் அச்சிடும்போது அளவு கெட்டதா என்று பார்க்க அது ஒன்றே வழி.

சரிபார்ப்பை ஸ்கேன் செய்தவரே செய்யக் கூடாது. நி.மு. கோப்புகளில் ஒவ்வொரு பக்கமும், மற்றவற்றில் பத்துக்கு ஒன்று. அந்த மாதிரியில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் கட்டு முழுவதையும் திரும்பப் பாருங்கள்.

எழுத்தும் எழுத்துருவும்

ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் தேடக்கூடியதாக்கிவிடும் என்று விற்பவர் சொல்வார். அச்சிட்ட, 1980களுக்குப் பிந்தைய தமிழ்த் தாளில் ஓரளவு உண்மை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, ணா, னா, ணை, லை, ளை, னை வடிவங்கள் இன்றையவை அல்ல. மென்பொருள் அவற்றில் தடுமாறும். கையெழுத்துக் குறிப்பில் நம்பவே கூடாது. ஓசிஆர் உங்கள் அட்டவணைக்குத் துணை, மாற்று இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி, கணினியிலேயே பிறந்த பழைய கோப்புகள். 2000களில் வானவில் போன்ற தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எதிர்காலத்துக்கு வைக்க வேண்டியவற்றை யூனிக்கோடுக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிக்கோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றாயிற்று. முறை: மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, எழுத்துரு மாற்றும் மென்பொருளால் மாற்றி, மூலத்தை அதன் எழுத்துருவோடு அச்சிட்ட தாளை அருகில் வைத்துப் படியுங்கள். பிசகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே: ஒரே தாளில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால் ஆங்கிலமும் தமிழாக மாறிவிடும், 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தனியே நிற்கும், காலும் 'ர'வும் இடம் மாறும், 'ஸ்ரீ' இரண்டு விதமாகப் பதிவாகி, ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது.

நடப்பில் இருக்கும் கோப்புகள்

கோப்பு கணினியிலேயே நடக்கும் மின் அலுவலகத்துக்கு மாறும்போது ஒரு வெட்டுத் தேதி வேண்டும். உதவியாளர் தன்னிடம் வரும் தபாலைப் பதியும் தன்பதிவேடு காலண்டர் ஆண்டில் ஓடுவதால் ஜனவரி 1 தோது. அன்று முதல் வரும் தபால் எல்லாம் வரவுப் பிரிவிலேயே ஸ்கேன் ஆகி மின்கோப்பில்தான் நடக்க வேண்டும். பழைய நடப்புக் கோப்பை முழுதும் ஏற்ற வேண்டாம். குறிப்புப் பகுதி முழுவதையும், முடிவெடுக்கத் தேவையான கடிதங்களையும் மட்டும் ஏற்றி, காகிதக் கோப்பின் கடைசிக் குறிப்பில் 'தொடர்ச்சி மின்கோப்பு எண் இது, தேதி இது' என்று எழுதி மூடுங்கள். மின்கோப்பின் முதல் குறிப்பில் காகிதக் கோப்பின் எண்ணும் அலமாரி இடமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிப் பாலம்.

மிக மோசமானது பாதி காகிதம், பாதி மின் என்று ஒரே கோப்பை ஓட்டுவது. அதிகாரிக்குத் திரையில் படிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று அச்செடுத்து, அதில் பேனாவால் குறிப்பெழுதி, அதைத் திரும்ப ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ஒரு மாதத்தில் எது மூலம் என்று யாருக்கும் தெரியாது. மின்கோப்பில் மஞ்சள் குறிப்பு வரைவு, அழிக்கலாம். பச்சைக் குறிப்பு நிலைத்தது, அழிக்க முடியாது என்ற வேறுபாட்டை முதல் நாளே எல்லா இருக்கைக்கும் சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வாய்மொழி உத்தரவை அன்றே குறிப்பாக எழுதிக் கோப்பில் ஏற்றி அதிகாரியின் ஒப்புதல் பெறாவிட்டால், உத்தரவே இல்லை என்று ஆகிவிடும், மாட்டுபவர் உதவியாளர்தான். மின்கையொப்ப டோக்கனை உதவியாளரின் மேசை இழுப்பறையில் வைப்பது, கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பதற்குச் சமம்.

நகல்கள், நீதிமன்றம், அழிப்பு

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். 'வேறு இடம்' என்பது ராயபுரம் அலுவலகத்துக்குத் தண்டையார்பேட்டை அல்ல. ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். மாநிலத் தரவு மையத்தில் ஒன்று இருக்கட்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு மேல் நம்பாதீர்கள். பென் டிரைவ் கணக்கிலேயே சேராது.

கட்டு முடிந்தவுடன் ஒவ்வொரு மூலப் பிரதிக்கும் ஷா-256 ஹாஷ் எண்ணை (கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டு அட்டவணையில் ஒரு கட்டத்தில் சேருங்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்து அலுவலகத் தலைவர் கையொப்பமிடட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்றில் பொறுப்பில் உள்ளவர், மற்றதில் வல்லுநர் கையொப்பமிட வேண்டும். ஸ்கேன் செய்த அன்றே எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் ஐந்தாண்டு கழித்து வழக்கறிஞர் 'இது மாற்றப்படவில்லை என்று எப்படித் தெரியும்' என்று கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்.

அதற்காக மூலக் காகிதத்தை எறிந்துவிடலாம் என்று பொருளில்லை. ஸ்கேன் என்பது நகல்தான். நி.மு. கோப்பு, பணிப்பதிவேடு, நில ஆவணம், உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவை ஸ்கேன் ஆனாலும் காகிதமாகவே இருக்க வேண்டும். கடைசி இரண்டும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் எல்லைக்கே வெளியே உள்ளவை.

பார்வைப் பிரதியில் ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் போதாது. பெட்டியை நகர்த்தினால் எண் தெரியும், அடியில் உள்ள எழுத்தை நகலெடுக்கவும் முடியும். படத்திலேயே அழித்து, புதிதாகச் சேமிக்க வேண்டும். மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள்.

வேலையை ஒப்பந்தத்தில் கொடுத்தால் நான்கு நிபந்தனைகள் போதும். தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கூலி, எடுத்த பக்கத்துக்கு அல்ல, சரிபார்ப்பில் தேறிய பக்கத்துக்கு. அட்டவணைக்குத் தனிக் கூலி. இல்லாவிட்டால் 'பொருள்' கட்டம் முழுவதும் 'மனு' என்று நிரம்பியிருக்கும். வேலை முடிந்ததும் அவர்கள் கணினியிலிருந்து அழித்ததற்கு எழுத்துப்பூர்வச் சான்று.

அழிக்கத் தகுதியானவற்றை அழிப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதி, அலுவலகத் தலைவரின் ஆணை பெற்று, ஒருவர் முன்னிலையில் தூளாக்குங்கள். எடைக்குப் போட்டால் யாரோ ஒருவரின் சாதிச் சான்று நகல் காசிமேட்டில் சுண்டல் பொட்டலமாகத் திரும்பி வரும். அழித்த கோப்பின் அட்டவணை வரியை நீக்காதீர்கள். 'அழிக்கப்பட்டது, ஆணை எண், தேதி' என்று சேருங்கள். 'இல்லை' என்று பதில் சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை, பதிவறையில் வேலை செய்யாத ஒருவரிடம் இருபது கோப்புகளின் பெயரைக் கொடுங்கள்: ஐந்து 1997க்கு முன், ஐந்து 1997க்கும் 2011க்கும் இடையில், ஐந்து 2011க்கும் 2018க்கும் இடையில், ஐந்து அதற்குப் பின். வெளியிடத்தில் இருக்கும் நகலிலிருந்து, அட்டவணையை மட்டும் பார்த்து, கோப்புக்குப் பத்து நிமிடத்தில் திரையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஹாஷ் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். கிடைக்காத கோப்பின் அட்டவணை வரியை அன்று மாலைக்குள் திருத்திவிட்டு, அதே தவறு வேறு எந்த வரிகளில் இருக்கும் என்று தேடுங்கள்.